ஸ்போரின் வரலாற்றுச் சிம்பொனி

முத்துசுவாமி தீட்சிதர் மறைந்து நான்காண்டுகள் கழிந்த 1839இல், ஜெர்மனியின் காசல் அரசவை இசைத்தலைவர் லூயி ஸ்போர் (1784–1859) தம் ஆறாம் சிம்பொனியை இயற்றினார். ‘வரலாற்றுச் சிம்பொனி’ என்பது அதன் பெயர். பகுதிகள் நான்கு, காலங்களும் நான்கு. 1720இன் பாக், ஹேண்டல் நடை முதலாவது. 1780இன் ஹைடன், மொசார்ட் நடை அடுத்தது. 1810இன் பீத்தோவன் நடை மூன்றாவது. ஈற்றில் வருவது 1840இன் புத்திசை. அதில் முழக்கம் மிகுதி. புதியோரை எள்ளவே அவ்வாறு அமைத்தாரோ என ஐயுறுவாரும் உளர்.

மதிப்புரை வரைந்த ஷூமன் ஒரு கதை சொன்னார். முகமூடி நடனத்திற்கு மாறுவேடத்தில் சென்ற நெப்போலியன், வழக்கம்போல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதுமே பேரரசர் என்று கூட்டம் கண்டுகொண்டதாம். இச்சிம்பொனியிலும் எவ்வேடத்திலும் ஸ்போரே தெரிகிறார் என்பது அவர் கருத்து. குறையாகச் சொன்ன சொல் அது. வெண்பா யாத்துப் பழகியவர்க்கோ அது குறையாகத் தோன்றாது. தளை பிறழாமல், ஈற்றடி முச்சீராய் நிற்க, யாப்பு எத்துணைப் பழையதாயினும் ஒலிப்பது பாடுவோன் குரலன்றோ! ஸ்போருக்கே உரிய அரைச்சுர நெளிவுகள் மொசார்ட்டின் ஆடைக்குள்ளும் மறையவில்லை.

வாழ்ந்த நாளில் ஐரோப்பா போற்றிய அவரை, இன்று மேனாட்டு வயலின் கலைஞர் பலர் அறிவது, 1820 அளவில் முகவாய் தாங்கும் கட்டையைக் கண்டறிந்தவர் என்ற அளவிலேயே.