குறண்டியிலிருந்து குயிற்குடிக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் காடுகளில் பிறந்தவர்களுக்கு மலை என்பது எட்டாத் தொலைவுப் பொருள். குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த ஊர்களில் உயரமானவை பனைமரமும் கோயில் கோபுரமும்தாம். விடுமுறை வந்தால் நம் மக்கள் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி பிடிக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது அவற்றைவிட அருகில், மதுரைக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கீழக்குயில்குடியைப் பற்றி. அருவியில்லை, படகில்லை, குளிருமில்லை. ஆனால் அந்த மலைக்கு நம் வட்டாரத்தார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கிறார்கள். போனதோடு நில்லாமல் தங்கள் ஊர்ப்பெயரையும் பாறையில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

ஊர் சிறியது. மலையடிவாரத்தில் தாமரைக் குளம், விழுது இறக்கிய ஆலமரம், கருப்பசாமியோடு அமர்ந்த அய்யனார் கோயில். கோயிலையொட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலேறுகின்றன. சிறிது தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம். அங்கே ஒரு சுனை. அதன் மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். மகாவீரர், ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த கால்களோடு நிற்கும் பாகுபலி என்று ஒவ்வொருவராக அடையாளம் காணலாம். அவற்றின் கீழே வட்டெழுத்தில் சில வரிகள். சிற்பத்தைப் பார்த்துவிட்டு, எழுத்தைப் பாராமல் நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். சாய்வெயில் விழும் வேளையில் அந்த எழுத்துகள் தாமே எழுந்து நிற்கின்றன.

அவற்றை வாசித்தவர்கள் தந்திருக்கும் செய்தி நம்மை நிமிர வைக்கும். இம்மலைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் 'வெண்பு நாட்டுக் குறண்டி'. அந்தக் குறண்டி வேறெங்குமில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில், ஆவியூருக்கு அருகே இன்றும் அதே பெயரோடு இருக்கிற சிற்றூர்தான். பாண்டியர் காலத்தில் அங்கே திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. 'பள்ளி' என்ற சொல் துறவியர் உறைவிடத்தையும், அவர்கள் பாடம் சொன்ன இடத்தையும் ஒருங்கே குறித்து வந்ததை வாசகர் அறிவர். குறண்டியில் பயின்றவர்களும் பயிற்றியவர்களும் பாண்டிய நாட்டு மலைகள்தோறும் சென்று திருமேனிகள் செய்வித்தார்கள்.

மலையின் மறுபுறத்தில் உள்ள செட்டிப்புடவு அதற்குத் தக்க சான்று. 'புடவு' என்றால் குகை. குகைக்கு வெளியே பெரிய உருவமாக மகாவீரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளும் அமர்ந்த தோரணையும் கண்ட ஊர்மக்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள்; குகைக்கும் அப்படியே பெயர் வந்துவிட்டது. (சமயம் மறந்துபோன பிறகும் சிலையை உறவுக்காரராக்கி வைத்துக்கொள்ளும் இந்த வழக்கம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.) அவருக்குக் கீழேயுள்ள கல்வெட்டு ஓர் ஆசிரிய மரபையே அடுக்குகிறது: குறண்டி அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். அட்டோபவாசி என்பது எட்டு நாள் உண்ணாநோன்பைச் சுட்டும் பட்டம். கனகவீரர் அத்திருமேனியைத் தம் பெயரால் செய்விக்கவில்லை. 'குயிற்குடி ஊரார் பேரால்' செய்வித்தார். அமிர்தபராக்கிரமநல்லூர் என்ற அரசுப் பெயரும் அன்று இவ்வூருக்கு இருந்ததை அதே கல்வெட்டு சொல்கிறது. அரசன் இட்ட பெயர் பாறையோடு நின்றுவிட்டது. ஊரார் அழைத்த பெயர் இன்றும் நாவில் இருக்கிறது.

இந்த எழுத்துகள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏழாம் நூற்றாண்டில் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்ற புராணக் கதையோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். முடிந்திருந்தால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மூன்று தலைமுறை ஆசிரியர்களின் பெயரை ஓர் ஊர் எப்படி ஏற்றுக் காத்திருக்கும்? பேச்சிப்பள்ளத்துக்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் சிதைந்து கிடக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில், அரசியின் பெயரால் அமைந்த பள்ளி அது. சைவம் செழித்த நாளில் அரச குடும்பமே சமணப் பள்ளியை ஆதரித்திருக்கிறது என்பதே கல் சொல்லும் செய்தி. கதைகளைக் காட்டிலும் நாங்கள் கல்லையே நம்புகிறோம்.

இன்னும் ஏறுவதற்கு மூச்சு இருந்தால் உச்சியில் விளக்குத் தூணும், அதனருகே கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. மூலசங்கத்தையும் பெளகுளத்தையும் சேர்ந்த துறவியரின் பெயர்கள் அதில் உள்ளன. பெளகுளம் என்பது சிரவணபெளகுளம். அங்கிருந்தும் இங்கே நடந்து வந்திருக்கிறார்கள். அங்கே நின்று தெற்கே பார்த்தால் நம் சமவெளி வெயிலில் மங்கிக் கிடக்கிறது.

அந்தச் சமவெளியில் குறண்டிப் பள்ளி இன்று இல்லை. திருச்சுழிக்கு அருகே பள்ளிமடத்தில் காளைநாதசுவாமி கோயில் இருக்கிறது. அதன் கற்களில் திருக்காட்டாம்பள்ளிக்கு அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளி அழிந்தபின் அதன் கற்கள் அங்கே கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, நம் வட்டாரத்தின் புகழ்பெற்ற கல்விச்சாலை ஒன்றைத் தேடிச் செல்கிறவனுக்கு மிஞ்சுவது இரண்டே: வேறொரு கோயிலின் சுவரும், வேறோர் ஊரின் மலையும். மலையை மட்டும் எவரும் பெயர்த்துச் செல்லவில்லை என்பதனால் எழுத்து பிழைத்தது.

பெயர்த்துச் செல்ல முடியாது என்று இன்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. மதுரையைச் சுற்றிக் கல்குவாரிகள் தின்ற குன்றுகளைச் சாலையிலிருந்தே காணலாம். யானைமலைக்கு ஆபத்து வந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்துதான் 2010இல் 'பசுமை நடை' பிறந்தது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த அந்த நடையில், விடியலில் குடும்பங்கள் மலையேறி, கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் சொல்வதைப் பாறையில் அமர்ந்து கேட்டன. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் திரண்டெழுந்த பிறகே 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டது.

குவாரி வராத இடத்துக்கு நாமே வந்துவிடுகிறோம். படிகளின் இருமருங்கும், சிற்பங்களுக்கு எட்டும் தூரத்திலும், சுண்ணாம்பாலும் ஆணியாலும் எழுதிய காதலர் பெயர்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். கனகவீரப் பெரியடிகள் ஊராரின் பெயரை எழுதினார்; இவர்கள் தம் பெயரை எழுதுகிறார்கள்.

போக விரும்புவோர் அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி, ஆவியூர் வழியாகவே போகலாம். குறண்டிக்குப் பிரியும் இடத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். கீழக்குயில்குடிக்கு ஏழு மணிக்குள் சேர்ந்துவிட்டால் பாறை சூடேறுவதற்கு முன் பேச்சிப்பள்ளமும் உச்சியும் முடியும். செட்டிப்புடவுக்கு மலையைச் சுற்றிப் போக வேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், குரங்குகள் எக்காலமும் உண்டு, தண்ணீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். வலுவுள்ளவர்கள் அதே மலைத்தொடரின் முத்துப்பட்டிக் குகைக்கும் நடக்கலாம். அங்கே கற்படுக்கைகளும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளின் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன. பிற்கால வட்டெழுத்தும் ஒன்று உண்டு. அதிலும் குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் ஒருவர், மகாணந்தி பெரியார், நாட்டாற்றுப்புறத்து நாட்டார் பேரால் திருமேனி செய்வித்திருக்கிறார்.