கையும் காரும்

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தேர் நேர் வீதியில் போகும்போது எல்லோருமே தேரோட்டிகள்தாம். வடத்தைத் தொட்டவர், தொடாதவர், திண்ணையில் நின்று 'ரங்கா, ரங்கா' என்று கூவுகிறவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மூலை வந்ததும் கூச்சல் அடங்கிவிடும். அத்தனை பெரிய தேருக்குத் திரும்புகிற அச்சுக் கிடையாது. சக்கரத்தின் அடியில் கட்டையைப் போட்டுப் போட்டுத்தான் அதைத் திருப்பியாக வேண்டும். கட்டை கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் தேர் யார் வீட்டுத் திண்ணையையாவது விசாரிக்கக் கிளம்பிவிடும். அந்த நிமிஷத்தில் ஆயிரம் பேருடைய இழுப்பு பெரிதல்ல; கட்டை போடுகிற ஒருவருடைய கைதான் பெரிது.

நேருக்குப் பலம், வளைவுக்குக் கை. என் பெரியப்பா சித்திரை வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வருஷா வருஷம் இந்தக் காட்சியைப் பார்த்தவர். ஆனாலும் இந்தப் பாடம் அவருக்கு விளங்குவதற்குப் பெரியம்மாவின் ஒரு ஜோடி வளையல் செலவாயிற்று.

பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. சென்னையிலே 1961 முதல் தயாரான கார் அது. 948 சி.சி. எஞ்சின்; பார்க்க லட்சணமான வண்டி. அதற்கு ஒரு விசேஷம் உண்டு: இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் போதும், ஒரே மூச்சில் வட்டமடித்துத் திரும்பிவிடும். பெரியப்பாவுக்கு அதில் அபாரப் பெருமை.

1971-இல் திருச்சியில் மோட்டார் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு மைதானத்தில் பந்தயம் வைத்தார்கள். கார்கள் ஒன்றோடொன்று மோதி ஓடுகிற பந்தயமல்ல. தரையில் சுண்ணாம்புக் கோடு, அங்கங்கே காலித் தார்ப் பீப்பாய்கள். ஒரு சமயத்தில் ஒரே கார். பீப்பாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். கையில் கடிகாரத்துடன் ஒருவர் நின்று நேரத்தைக் குறித்துக்கொள்வார். வெளிநாடுகளில் இதை ஆட்டோகிராஸ் என்கிறார்கள்.

இதற்காகப் பெரியப்பா ஹெரால்டுக்கு இன்னொரு கார்புரேட்டர் வைத்தார். எஞ்சினின் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினார். வளையல்கள் அடகுக் கடைக்குப் போனது இந்தச் சந்தர்ப்பத்தில்தான். பந்தயத்தன்று கார் சிங்கம் மாதிரி கர்ஜித்தது. ஆனால் ஜயித்தது ஒரு பழைய ஃபியட். அதை ஓட்டியவர் மண்டி முதலாளி ஒருவரிடம் வேலை பார்த்த டிரைவர்.

பெரியப்பாவால் இதை ஜீரணித்துக்கொள்ள முடியவில்லை. ஃபியட்டில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று சாதித்தார். கடைசியில் ஒரு யோசனை பிறந்தது: இரண்டு பேரும் வண்டியை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டினார்கள். ஃபியட்டில் பெரியப்பா முன்னைவிட மெதுவாக வந்தார். ஹெரால்டில் அந்த டிரைவர், பெரியப்பா எடுத்துக்கொண்டதைவிட நாலு விநாடி குறைவாக எடுத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, என் வண்டியிலே என்ன பண்ணினே?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஒண்ணும் பண்ணலீங்க சாமி. வண்டி நல்ல வண்டி. நீங்க வளைவுக்குள்ள வந்தப்புறம் பிரேக்கை மிதிக்கிறீங்க. முன்னாடியே மிதிச்சுட்டு, திரும்புறப்ப அதைச் சும்மா விட்டுடுங்க."

இந்த இரண்டு வாக்கியத்தில் மோட்டார்ப் பந்தய சாஸ்திரத்தில் பாதி அடங்கியிருக்கிறது. டயர் தரையைப் பிடித்துக்கொள்கிற பிடி, குமாஸ்தாவின் சம்பளம் மாதிரி. ஒரு அளவுக்கு மேல் கிடையாது. பிரேக்குக்கே அதைக் கொட்டிக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. கார் திரும்ப மறுத்து நேரே போகும்.

இன்னொரு பாதி, போகிற பாதையில் இருக்கிறது. சாதாரண டயர் போட்ட கார், உலர்ந்த தார் ரோட்டில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்க முடியும். அதே திருப்பத்தை வெளி ஓரத்தில் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போய் முடித்தால் வளைவின் ஆரம் 30 மீட்டராக விரியும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 55 ஆகிவிடும். பத்துக் கிலோமீட்டர் லாபம், காலணா செலவில்லை. இந்தக் கணக்கில் எஞ்சினுக்கு இடமே கிடையாது. எஞ்சினின் பலம் தெரிவதற்கு நீளமான நேர்ப்பாதை வேண்டும். பீப்பாய்களுக்கு நடுவே அதற்கு எங்கே போவது?

நீளமான நேர்ப்பாதை வேண்டியவர்கள் சோழவரத்துக்குப் போனார்கள். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை அங்கே சும்மா கிடந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. விமானம் இறங்கப் போட்ட பாதையில் மோட்டார்கள் பறக்க ஆரம்பித்தன. நாளடைவில் தேசமெங்குமிருந்து பந்தயக்காரர்கள் அங்கே வந்தார்கள். பெரியப்பாவும் தோற்ற வருஷத்திலிருந்து தவறாமல் போய்வந்தார்; பந்தயம் ஓட்ட அல்ல, வேடிக்கை பார்க்க.

அந்தக் காலத்து நிலைமையை இன்றைய வாசகர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வாங்கக் கிடைத்தவை அம்பாஸிடர், ஃபியட், ஹெரால்ட் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கார்கள்தாம். காலையில் டாக்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அதே ஜாதிக் கார்தான் சோழவரத்தில் ஓடியது. ஆகையால் ஆளுக்கு ஆள் காரைக் குடைந்தார்கள். கார்புரேட்டரை மாற்றினார்கள்; ஸீட்டுகளைக் கழற்றி எறிந்தார்கள்; ஸ்பிரிங்கைத் தாழ்த்தினார்கள். அந்தக் கைவேலையில் நிஜமான புத்திசாலித்தனம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பணமும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் தருவித்துக்கொள்ள முடிந்தவர்கள் தருவித்துக்கொண்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். அப்படிப்பட்ட கார் ஓடிய களத்தில், குடைந்த ஃபியட்டை வைத்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு உண்மையிலேயே கை இருக்கிறதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? அவன் பின்தங்கினால் கார் பின்தங்கியதா, அவன் பின்தங்கினானா? திருச்சி மைதானத்தில் செய்ததுபோல் வண்டியை மாற்றிக்கொண்டு ஓட்டச் சொல்ல அங்கே வழியில்லை.

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கோயமுத்தூர்க்காரர். ஆலை முதலாளிகளின் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன். தாமே பந்தயம் ஓட்டியவர்; தாமே கார் கட்டியவர். விலையுயர்ந்த கார் வாங்கி எல்லோரையும் தோற்கடிப்பது அவருக்குச் சிரமமான காரியமாக இருந்திராது. அவர் வேறு காரியம் செய்தார். மாருதி 800 தெருவுக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அதன் 796 சி.சி. எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் பந்தயக் கார் ஒன்றை அமைத்தார். 1988-இல் களத்துக்கு வந்த அந்தக் காருக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். ஒரே மாதிரிக் கார், ஒரே எஞ்சின், எல்லோருக்கும். மற்றப் பந்தயக் கார்களோடு பார்த்தால் செலவு சொற்பம்.

உலகத்தில் இது புதிய யோசனை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 1967-இலேயே ஃபார்முலா ஃபோர்டு என்று ஆரம்பித்து, எல்லோருக்கும் சாதாரண ஃபோர்டு எஞ்சினைக் கொடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். பிரேஸிலிலிருந்து வந்த அயர்ட்டன் ஸென்னா 1981-இல் அங்கேதான் தம் கையைக் காட்டினார். ஆனால் நம் ஊரில், கிடைத்த மாருதி எஞ்சினை வைத்து அதைச் செய்துகாட்டியது பெரிய காரியம். காரைச் சமமாக்கியவுடன் தோற்றவனுக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது. அதைவிட முக்கியம், திறமைசாலி தன்னை நிரூபித்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்துவிட்டது.

1990-இல் மெட்ராஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சொந்தப் பாதையே போட்டுக்கொண்டது. அங்கே ஃபார்முலா மாருதியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டி, முதல் மூவரில் ஒருவராக வந்து மேடையேறினான் ஒரு கோயமுத்தூர்ப் பையன். தென்னிந்திய ராலியைப் பல தடவை ஜயித்த ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன், நாராயண் கார்த்திகேயன். 1992-இல் பிரான்ஸில் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்வந்தார். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை ஜயித்தார். 2005-இல் ஜோர்டன் குழுவில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995-இல் சிறு விமான விபத்து ஒன்றில் காலமாகிவிட்டார். கோயமுத்தூரில் செட்டிபாளையத்தருகே 2003-இல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

'அப்படியானால் கை இருந்தால் போதும், கார் எப்படி இருந்தாலும் சரி' என்று யாராவது முடிவு கட்டிவிட வேண்டாம். நாராயணின் கதையே அதற்கு மறுமொழி சொல்லும். 2005-இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் அவர் நாலாவதாக வந்தார். அன்று இருபது கார்களில் பதினாலு, தங்கள் மிஷெலின் டயர்களை நம்ப முடியாமல், பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. ஓடியவை ஆறே. டயர் தகராறு செய்தால் உலகத்திலேயே சிறந்த பதினாலு ஜோடிக் கைகளும் சும்மா இருக்க வேண்டியதுதான். 2011-இல் அதே நாராயண், எச்.ஆர்.டி. குழுவின் காரில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். தகுதிச் சுற்றில், முதல் காரின் நேரத்தில் 107 சதவிகிதத்துக்குள் வந்தால்தான் பந்தயத்தில் சேர்ப்பார்கள். அந்தக் குழுவின் இரண்டு கார்களும் தேறவில்லை. அவருடைய கை அதற்குள் மறந்துவிட்டதா என்ன? இல்லை, கார் போதவில்லை.

ஆகவே விஷயம் இப்படி இருக்கிறது. உச்சியில் இருப்பவர்களுக்குக் கை ஏறக்குறைய ஒன்றேதான். அங்கே கார்தான் தீர்ப்புச் சொல்கிறது. நம்மைப் போல் அடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் காரெல்லாம் ஏறக்குறைய ஒன்று. இங்கே கைதான் தீர்ப்புச் சொல்கிறது. தொல்லை என்னவென்றால், அடிவாரத்தில் இருக்கிற நாம் உச்சியில் இருப்பவர்களைப் பார்த்துச் செலவு செய்கிறோம். புதுச் சாமானைக் கடையில் வாங்கலாம். வாங்கிய அன்றே நாலு பேருக்குக் காட்டலாம். கைப்பழக்கத்தை வாங்கவும் முடியாது, காட்டவும் முடியாது. அதைவிடச் சங்கடம், அதைக் கற்றுக்கொள்ளத் தனக்குத் தெரியாது என்று ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா ஒப்புக்கொண்டார். அதற்காகத்தான் அவரை நினைத்து இவ்வளவு எழுதினேன். மறு ஞாயிற்றுக்கிழமையே அந்த டிரைவரைத் தேடிக்கொண்டு காந்தி மார்க்கெட் பக்கம் போனார். இரண்டு மாதம், விடிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் நாலு பீப்பாயை வைத்துக்கொண்டு பழகினார். இரண்டாவது கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார். அடுத்த வருஷம் கலந்துகொண்டார். ஜயிக்கவில்லை; அதே டிரைவருக்கு அரை விநாடி பின்னால் இரண்டாவதாக வந்தார். சாகும் வரையில் அந்த அரை விநாடியைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை.

வளையல்கள் அடகிலேயே மூழ்கிப்போயின. கழற்றிய கார்புரேட்டர் ரொம்ப நாள் கூடத்து அலமாரியில், கரண்ட் பில்லும் வரி ரசீதும் பறக்காமல் இருக்க, மேலே உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்கும்போதெல்லாம் பெரியம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்:

"முன்னாடியே அந்த டிரைவரைக் கேட்டிருந்தேள்னா, ஒரு டம்ளர் காப்பியோட போயிருக்கும்."