விக்டோரியாப் பூங்காவும் கதவில்லாத மண்டபமும்

நுவரெலியா நகர நடுவில் இருக்கும் விக்டோரியாப் பூங்கா ஒரு காலத்தில் ஹக்கல தாவரவியல் பூங்காவின் ஆய்வு நிலம். ஹக்கலயோ 1861இல் சின்கோனா பயிரிட்டுப் பார்த்த இடம். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். 1897இல், விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்தபோது, இந்த நிலத்துக்கு அவர் பெயர் வந்தது. கொழும்பிலிருந்த விக்டோரியாப் பூங்கா பிறகு விகாரமகாதேவிப் பூங்கா ஆனது. இங்கே பெயர் மாறவில்லை.

இப்படியான பழைய பூங்காவில் புதிதாக ஒரு மண்டபம் எழுப்பலாமா? தோட்ட மண்டபம் எண்டாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். பாரசீகர் அதைக் குஷ்க் என்றார்கள், துருக்கியர் கோஷ்க் என்றார்கள். 'கியோஸ்க்' அதிலிருந்து வந்த சொல்தான். முகலாயர் பாராதரி கட்டினார்கள். பன்னிரண்டு வாசல், நாலு பக்கமும் திறப்பு.

நுவரெலியா மழை சொல்லிக்கொண்டு வராது. ஏப்ரலில் வரும் உல்லாசப் பயணியும், லயத்திலிருந்து பிள்ளையோடு டவுனுக்கு வந்த கொழுந்தெடுக்கும் தாயும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்க முடிந்தால்தான் அது பாராதரி. ஆனால் இது சீட்டு எடுத்து உள்ளே போகும் பூங்கா. பழைய மரம் ஒன்றையும் வெட்டாமல் மண்டபம் கட்டலாம். முதலில் அந்த வாசலைப் பற்றிப் பேசுவோம்.