பவுடர் டப்பாவின் பின்பக்கம்

ஸ்ரீரங்கத்தில் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டை வாசலைத் தாண்டும்போதே மூக்கு சொல்லிவிடும். சாம்பிராணிப் புகை, சுட்ட வசம்பு, விளக்கெண்ணெய், இவற்றுக்கெல்லாம் மேலே பவுடர் வாசனை. முதல் மூன்றும் பாட்டிமார் காலத்தவை. நான்காவது மட்டும் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. வந்த வழியில் அது என்னென்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பவுடர் என்பது கல். நம் வீட்டுக் கல்சட்டி எந்த இனக் கல்லோ, பள்ளிக்கூடத்துப் பலப்பம் எந்த இனமோ, அதே மாக்கல் இனம்தான் டால்க். அதை மாவாக இடித்து, வாசனை சேர்த்து, டப்பாவில் அடைத்தால் பவுடர். அமெரிக்காவில் ஜான்சன் கம்பெனி இதைக் குழந்தைகளுக்கென்று 1894இல் விற்கத் தொடங்கியது. நமக்குச் சுதந்திரம் வந்த 1947லேயே அந்த டப்பாவும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. வசதி குறைந்த வீடுகளில் பெரியவர்களின் குட்டிக்கூராவையே குழந்தைக்கும் பூசினார்கள். அதுவரை பயத்தம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் கலந்த நலங்குமாவு போதுமாக இருந்தது. பவுடர் வந்தபின் குளிப்பாட்டிய குழந்தையை வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆக்கினால்தான் தாய்க்குத் திருப்தி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைப்பு என்னவோ தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதியதுதான். அந்தப் பழைய படிப்பால் கிடைத்த சில லாபங்களில் ஒன்று, 'டால்க் மொரான்ஜ்' கதையை அந்த மொழியிலேயே படிக்க முடிந்தது. நம்மூரில் இதைக் கேள்விப்பட்டவர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

1972ஆம் ஆண்டு. பிரான்சின் வடகிழக்கே ஆர்தென், ஓப் ஆகிய மாவட்டங்களில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தன. முதலில் பிட்டத்திலும் தொடையிடுக்கிலும் தோல் சிவந்து புண்ணாகும். பிறகு வாந்தி, வலிப்பு, மயக்கம். காரணம் பிடிபடாமல் மாதங்கள் ஓடின. கடைசியில் அகப்பட்டது மொரான்ஜ் என்ற பெயரில் விற்ற ஒரு பவுடர். தொழிற்சாலையில் நடந்த தவறால் ஹெக்ஸாக்ளோரோஃபீன் என்ற கிருமிநாசினி அதில் கலந்துவிட்டிருந்தது. நூற்றுக்கு 6 பங்குக்கும் மேல். அதுவும் வெள்ளைத் தூள், டால்க்கும் வெள்ளைத் தூள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

இதில் என் மனதை விட்டு அகலாத விஷயம் ஒன்று உண்டு. குழந்தையின் தோல் சிவந்திருப்பதைப் பார்க்கும் தாய் என்ன செய்வாள்? இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவாள். புண்ணான தோல் வழியாக விஷம் மேலும் வேகமாக உள்ளே இறங்கி மூளையைத் தாக்கும். அக்கறையாகப் பார்த்துக்கொண்ட தாயின் குழந்தைக்கே ஆபத்து அதிகம். 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டு, 36 குழந்தைகள் இறந்தன. வழக்கில் தீர்ப்பு வர 1980 ஆயிற்று.

அந்தச் சமயத்தில் பிரான்சில் பவுடர், சோப்பு போன்றவற்றுக்கென்று தனிச்சட்டமே கிடையாது. சுகாதார மந்திரியாக இருந்த அம்மையார் சிமோன் வெய் (ஆங்கிலத்தில் படிப்பவர்கள் 'வெயில்' என்பார்கள்) 1975 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகளுக்கெல்லாம் பொதுவான உத்தரவும் வந்தது. அமெரிக்காவோ 1972 செப்டம்பரிலேயே இந்த ஹெக்ஸாக்ளோரோஃபீனை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று தடுத்துவிட்டது.

இந்தியா இதில் ஒன்றும் பின்தங்கவில்லை என்பது ஓர் ஆச்சரியம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் அழகுசாதனப் பொருட்களையும் 1962 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டோம். பிற்பாடு விதிகளில் ஹெக்ஸாக்ளோரோஃபீனுக்கும் தடை வந்தது. சோப்பில் மட்டும் நூற்றுக்கு 1 பங்கு வரை விட்டுவைத்து, குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உறையில் பளிச்சென்று அச்சிட வேண்டும் என்றார்கள். விதி எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அந்த உறையைக் கடையில் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கடைச் சரக்குதான் ஆபத்து, பாட்டி வைத்தியம் முழுக்கப் பத்திரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எண்ணெய் தேய்க்கும் நாளில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளியெடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா வந்த குழந்தைகளைத் தமிழ்நாட்டு டாக்டர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். விளக்குக் கரியில் வீட்டில் கூட்டிய மை வேறு. கல்லை அரைத்துச் செய்து கடையில் விற்ற சுர்மா வேறு. அந்தக் கல்லில் இருப்பது ஈயம்.

பவுடருக்கு வருவோம். மும்பை முலுண்டிலிருந்த ஜான்சன் தொழிற்சாலையின் உரிமத்தை மகாராஷ்டிர அரசு 2013இல் ரத்து செய்தது. 2007இல் செய்த சில தொகுதிகளில், அனுமதி வாங்காமல் எத்திலீன் ஆக்ஸைடு வாயுவால் கிருமி நீக்கியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022இல் மறுபடி ரத்து. இம்முறை காரணம், பவுடரின் காரத்தன்மை ஐ.எஸ். 5339 தரத்துக்கு ஒத்துவரவில்லை என்பது. மறு ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. ஆகவே நம் நாட்டுக் கணக்கில் கம்பெனி தப்பித்தது என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. டால்க் கிடைக்கும் பாறையோடு ஆஸ்பெஸ்டாஸும் சில இடங்களில் சேர்ந்தே கிடைக்கும். அதனால் புற்றுநோய் வந்தது என்று பல்லாயிரம் பேர் வழக்குப் போட்டார்கள். எங்கள் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று கம்பெனி கடைசி வரை சாதித்தது. ஆனாலும் 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் டால்க் பவுடரை நிறுத்திவிட்டு மக்காச்சோள மாவுக்கு மாறிவிட்டது. பயத்தம்மாவிலிருந்து கல்லுக்குப் போய், கல்லிலிருந்து திரும்ப மாவுக்கே வந்துவிட்டார்கள்.

மாவோ கல்லோ, குழந்தை மூச்சில் அந்தத் தூளை இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல். அதனால் இன்றைய குழந்தை வைத்தியர்கள் பவுடரே வேண்டாம் என்கிறார்கள்.

நம் தொகுதி சம்பந்தப்பட்ட ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2011இல் ஸ்ரீரங்கத்தில் நின்று வென்று முதல்வரான ஜெயலலிதா, 2015 செப்டம்பரில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார். 16 பொருட்கள், மதிப்பு 1,000 ரூபாய். சோப்பு, எண்ணெய், ஷாம்பு, கொசுவலை, நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று போகும் பட்டியல். குழந்தைக்கு எந்த சோப்பு என்று தாய் தேர்ந்தெடுத்தது போய், அரசாங்கமே தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்த காலம் அது. அரசியல் எதுவானாலும், ஏழைத் தாய்க்கு அது பெரிய உபகாரம்.

கடையில் வாங்குகிறவர்கள் டப்பாவின் முன்பக்கத்துச் சிரிக்கும் குழந்தையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்த்த பொருட்களின் பட்டியல் எல்லாம் அங்கேதான் இருக்கும். எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். நம் வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடி எடுத்துப் போவது நல்லது.