இரவு ஷிப்டும் அமுக்கராச் சூரணமும்: காங்கேயம் வட்டாரத்தை முன்வைத்து

வெளியூரில் காங்கேயம் என்றால் மாடு நினைவுக்கு வரும். ஊருக்குள் வந்தால் கண்ணில் படுவது அரிசி ஆலை, தேங்காய்க் களம், எண்ணெய் ஆலை, நூற்பாலை. திருப்பூர்ப் பனியன் தொழிலோடு பிணைந்த இந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் மூன்று ஷிப்டாக இரவு பகல் ஓடுகின்றன. பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்பது அன்றாடப் பேச்சு: காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுவார். ஆர்டர் நெருக்கினால் அந்த நேரத்துக்கும் எழ முடியாது. இப்படி உழைப்பவர்கள் சொல்லும் முறையீடு இரண்டு. படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. எழுந்தால் அசதி போவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: அமுக்கராப் பொடி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், ஒரு டம்ளர் பால்.

இந்த ஒற்றைப் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அமுக்கரா பயனற்றது என்று சொல்ல வரவில்லை. தூக்கமின்மையும் அசதியும் ஒன்றையொன்று வளர்ப்பவையானாலும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. இரவு ஷிப்டில் கெடுவது தூங்கும் திறன் அல்ல, தூங்கும் நேரம். அசதிக்கோ பெரும்பாலும் சோற்றிலும் டீயிலும் காரணம் தேட வேண்டும்.

முதலில் அமுக்கராவுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 2021இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான தொகுப்பாய்வு ஐந்து சோதனைகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்துப் பார்த்தது. தூக்கத்தில் சிறிதளவு, ஆனால் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் இருந்தது. தூக்கமின்மை நோய் உறுதியானவர்களிடமும், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எட்டு வாரமாவது எடுத்தவர்களிடமும் அது கூடுதலாகத் தெரிந்தது. நானூறு பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனாலும் வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாத சான்று அது.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. அந்த 600 மில்லிகிராம் என்பது வேரிலிருந்து செறிவூட்டி எடுத்த சாறு. நம் கையில் இருப்பதோ அமுக்கராச் சூரணம். அதன் மரபான பாகம் இலவங்கம் ஒன்று, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு என இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டினால் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை, அமுக்கரா கால் பங்கு. மூன்று கிராம் சூரணம் உண்டால் உள்ளே போவது முக்கால் கிராம் வேர்த்தூள், அதுவும் செறிவூட்டாதது. சாற்றில் கண்ட பயனைச் சூரண டப்பாவின் மேல் அச்சடிப்பதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. சூரணம் பயன்தரக் கூடும். அப்படியானால் அதற்கான சான்றைச் சூரணத்தை வைத்தே திரட்ட வேண்டும்.

அந்தச் சோதனைகள் இரவு ஷிப்டுத் தொழிலாளரைக் குறிவைத்து நடத்தப்பட்டவையும் அல்ல. இரவு வேலை செய்வோரின் பகல் தூக்கம் வழக்கமான இரவுத் தூக்கத்தைவிட ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம்வரை குறைகிறது. உடலின் உள்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நடப்பது. அக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்தவர்களுக்கே 2017இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலை எட்டு மணிக்கு மில் பஸ்ஸில் முகத்தில் வெயில் அடிக்க வீடு திரும்புகிறவரின் கடிகாரம் ‘எழு’ என்கிறது. அவரோ கல்நார்க் கூரைக்கு அடியில், பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தத்துக்கு நடுவே, சித்திரை மாத வெயிலில் படுக்கப் போகிறார். கால் கிராம், அரைக் கிராம் கணக்கில் தீரும் பிரச்சினையா இது?

இரவு வேலைக்கு மருந்து மட்டும் போதும் என்று சித்த மரபே சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சித்தர் தேரையரின் நோயணுகா விதி பகல் உறக்கத்தை விலக்கச் சொல்கிறது. இரவு கண்விழிப்பது உடலைக் கெடுக்கும் என்பது சித்த வைத்தியத்தின் பொதுக் கருத்து. அதாவது அந்த நாளொழுக்கத்தில் நைட் ஷிப்டுக்காரருக்கு இடமே கிடையாது; அவர் செய்யும் இரண்டு காரியமும் விலக்கப்பட்டவை. மருந்தை எழுதியவர்கள் ஒழுக்கத்தோடு சேர்த்தே எழுதினார்கள். ஒழுக்கத்தை உதறிவிட்டு மருந்தை மட்டும் பொட்டலம் கட்டி விற்பது நம் காலத்து வணிகம். இதை மரபின் பெயரால் செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

பாலுக்கும் ஜாதிக்காய்க்கும் அதிக இடம் தேவையில்லை. தூக்கத்துக்கு உதவுவதாகச் சொல்லப்படும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 100 மில்லிகிராம். ஆய்வுகளில் தூக்கத்துக்காகச் சோதிக்கப்பட்ட அளவு பெரும்பாலும் ஒரு கிராமும் அதற்கு மேலும். காங்கேயம் பசுவின் பால் என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், கறப்பதும் கொஞ்சம்தான். பால் வயிற்றை அமர்த்தும், படுக்கப் போகிறோம் என்ற பழக்கத்தைத் தரும். அது போதும். ஜாதிக்காய் சிட்டிகையோடு நிற்க வேண்டும். ஐந்து கிராம் அளவில் நச்சு, மனக்குழப்பம், படபடப்பு. ஆண்கள் பலர் தூக்கத்துக்கென்று நம்பும் குவாட்டரைப் பற்றியும் ஒரு வரி: அது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும்.

அசதிக்கு வருவோம். 2019-21இன் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்கள் இந்த வயதுக்காரர்கள்தான். இரத்தசோகை வருவதற்கு முன்பே, இரும்பின் இருப்பு குறையும்போதே, அசதி வந்துவிடுகிறது. 2003இல் பி.எம்.ஜே. இதழில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் இரத்தசோகை இல்லாமலேயே அசதியால் அவதிப்பட்ட 144 பெண்களுக்கு நான்கு வாரம் இரும்பு மாத்திரையோ போலி மாத்திரையோ தரப்பட்டது. இரும்பு எடுத்தவர்களின் அசதி 29 விழுக்காடு தணிந்தது, மற்றவர்களுக்கு 13 விழுக்காடு. பயன் கண்டவர்கள், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்த பெண்களே.

இரும்புக் குறை தூக்கத்தையும் தொடுகிறது. படுத்ததும் ‘காலைக் குடையுது’ என்று உதறிக்கொண்டே இருப்பவர்களின் அவதியை நாம் நின்று வேலை செய்த வலி என்று விட்டுவிடுகிறோம். வலியாகவும் இருக்கலாம். ஆனால் காலை அசைத்தால் அடங்கி, ஓய்ந்தால் திரும்ப வரும் குடைச்சலுக்கு இரும்புக் குறை ஒரு முக்கியக் காரணம். ஃபெரிட்டின் பார்க்காமல் அப்படிப்பட்டவருக்கு அமுக்கரா கொடுப்பது இருட்டில் ஊசி கோப்பதுதான்.

இரும்பு ஏன் குறைகிறது? அரிசி ஆலைகள் நிறைந்த ஊர் இது. தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இதே மண்ணின் மானாவாரிக் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேலும், கொள்ளில் எட்டுக்கு மேலும் உண்டு. கம்பஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் கொங்கு நாட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியவை அல்ல; ஆலை விடுதிச் சமையலறைக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முருங்கைக்கீரையைப் பற்றிய புகழ் கொஞ்சம் மிகை. பச்சைக் கீரையில் இருப்பது ஏறக்குறைய 4.5 மில்லிகிராம்.

உண்டதையும் டீ தடுக்கிறது. கம்பெனி வாசலில் டீ டைமுக்கு மணி அடித்ததும் நடப்பதைப் பார்த்தால் புரியும். ஒரு கையில் டம்ளர், மறு கையில் பன்னோ போண்டாவோ. காலையில் சாப்பிட நேரமில்லாதவருக்கு அதுவே காலை உணவு. உணவோடு பருகும் தேநீர் இரும்பு ஏற்பை 64 விழுக்காடும் காபி 39 விழுக்காடும் குறைத்ததாக 1983இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரவு ஷிப்டில் கேடு இரட்டிப்பு. காஃபினில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்; விடிகாலை நான்கு மணி டீயில் பாதி, ஒன்பது மணிக்குப் பாயில் படுக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. ஆகவே டீயை ஷிப்டின் முன்பாதியோடு நிறுத்துவதும், சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவதும், சோற்றோடு ஒரு நெல்லிக்காய் சேர்ப்பதும் எந்தச் சூரணத்துக்கும் முந்திய சிகிச்சை.

சித்த மருத்துவம் இங்கே கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அன்னபேதிச் செந்தூரம் இரும்பு மருந்தே. அதனுடன் பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் சேர்த்து 45 நாள் கொடுத்ததில் 2,300 வளரிளம் பெண்களின் ஹீமோகுளோபின் உயர்ந்ததாகத் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் ஆய்வாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். அசதிக்கு மருத்துவமனையின் சித்தப் பிரிவை நாடி வரும் ஆலைப் பெண்ணுக்கு முதலில் நினைக்க வேண்டிய மருந்துத் திசை இது.

தூக்கத்தின் பங்கை நீதிமன்றம் கூடக் கண்டிருக்கிறது. பெண்களின் இரவுப் பணியைத் தடுத்த, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது இடையே பன்னிரண்டு மணி நேர ஓய்வாவது தர வேண்டும் என்பது. ஒன்றரை ஷிப்டு முடித்தவரை விடிகாலை மறுபடி அழைக்கும் வழக்கத்துக்கு எந்த மூலிகையும் ஈடுகொடுக்காது.

அமுக்கரா எடுக்க விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். கர்ப்பிணிகள், தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ உட்கொள்பவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையை அல்ல என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அறிவுறுத்தியது. நூற்பாலை நிர்வாகங்களுக்கும் சித்த மருத்துவ ஆய்வாளர்களுக்கும் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் ஃபெரிட்டினைச் சேருங்கள், இரும்புக் குறையைத் தீர்த்தபின் இரவு ஷிப்டுக்காரர்களின் பகல் தூக்கத்தை அளந்து அமுக்கராச் சூரணத்தை முறைப்படி சோதியுங்கள். அதுவரை அதை நைட் ஷிப்டுக்கு மருந்து என்று எழுதிக்கொடுக்கச் சான்று இல்லை.