பதின்மூன்று நாள்

கல்கத்தாவில் 1898-ல் பிறந்து லண்டனில் படித்தவன் இந்திர லால் ராய். கண் பார்வை போதாதென்று பிரிட்டிஷ் விமானப் படையில் முதலில் தள்ளிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய வைத்தியரிடம் கண்ணைக் காட்டி, மறுபடி போய் நின்றான் என்பார்கள்.

ஐந்து விமானங்களை வீழ்த்தினாலே ‘ஏஸ்’ என்ற பட்டம். 1918 ஜூலையில், பதின்மூன்றே நாட்களில், அவன் கணக்கில் 10 வெற்றிகள் ஏறின. ஜூலை 22-ந் தேதி பிரான்சில் கார்வான் ஊருக்கு மேலே அவனும் எரிந்து விழுந்தான். வயது 19. பறக்கும் படையின் வீரப் பதக்கம் இறந்த பிறகே வந்தது.

அடிமை நாட்டுப் பிள்ளை ஆள்பவனுக்காக ஏன் சாக வேண்டும்? கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தியனால் முடியாது என்று அப்புறம் யார் சொல்ல முடியும்? இந்திய விமானப் படை 1932-ல் பிறந்தது. அதற்குப் பதினான்கு வருஷம் முன்பே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டான் அந்தப் பையன்.