பதுங்குகுழி மேல் ஒரு காய்கறித் தோட்டம்

உடைந்த ஜன்னல் சட்டம், ஓட்டை வாளி, துருப்பிடித்த தகரம் இவற்றை வைத்துக் கொல்லையில் தோட்டம் போடுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் ஒரு நாட்டின் அரசாங்கமே மக்களிடம் கிட்டத்தட்ட இதையே செய்யச் சொல்லிக் கெஞ்சிய காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து இங்கிலாந்தைத்தான் சொல்கிறேன். போர் என்றால் நமக்குப் பாடத்தில் வருவது ஹிட்லர், சர்ச்சில், ஹிரோஷிமா. யார் வீட்டுக் கொல்லையும் அதில் வராது. எனக்கு அந்தக் கொல்லைதான் பிடித்திருக்கிறது, ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் கெஞ்சினார்கள்? பிரிட்டன் தனக்கு வேண்டிய உணவில் பாதிக்கு மேல் கப்பலில் கொண்டு வந்த நாடு. அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கத் தொடங்கின. வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வந்த வெங்காயத்தில் பெரும்பகுதி பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்தும் கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது, கூடவே வெங்காயமும் காணாமல் போனது. அலுவலகங்களில் ஒரே ஒரு வெங்காயத்தைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கிய கதைகள் உண்டு. வெங்காயம் இல்லாமல் சமைக்கத் தெரியாத நமக்கு அந்தக் கஷ்டம் உடனே புரியும்!

'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற பிரசாரம் 1939 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. நகராட்சிகள் காய்கறி போடுவதற்காக வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் போருக்கு முன் சுமார் 8 லட்சம் இருந்தன. 1943-ல் அவை 14 லட்சம் ஆயின. லண்டன் கோபுரத்தைச் சுற்றியிருந்த அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். ஆனால் சுவரொட்டியும் கோஷமும் செடியை வளர்க்காது. உரம் வேண்டும், பாத்திக்கு வரப்பு வேண்டும், பனியிலிருந்து நாற்றைக் காக்க மூடி வேண்டும். கடையில் எதுவும் கிடைக்காத காலம். மரமும் இரும்பும் போருக்குப் போய்விட்டன. வீடுகளுக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பி வேலிகளையே அறுத்துக்கொண்டு போனார்கள். (அந்த அறுத்த கம்பிகளின் அடிக்கட்டைகள் இன்றும் பல தெருக்களின் சுவர்களில் தெரிகின்றன.)

ஆக, கையில் இருந்ததை வைத்துத்தான் தோட்டம். ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு நாற்றுக்குக் கண்ணாடிக் கூரை. பழைய ஜன்னலைப் பெட்டி மேல் சாய்த்தால் சின்னக் கண்ணாடி வீடு. இவற்றையெல்லாம் விடப் பெரிய பொருள் ஒன்றை அரசாங்கமே கொல்லையில் கொண்டு வந்து போட்டிருந்தது. அதுதான் ஆண்டர்சன் பதுங்குகுழி.

வளைந்த நெளிதகடுகளைப் போல்ட் போட்டு இணைத்த குடில் அது. ஆறு அடி உயரம், நாலரை அடி அகலம், ஆறரை அடி நீளம். இதற்குள் ஆறு பேர்! கொல்லையில் நாலு அடி ஆழம் தோண்டி இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குலம் மண் போட வேண்டும். ஆண்டுக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு இலவசம். 1939 பிப்ரவரியிலிருந்து மொத்தம் சுமார் 36 லட்சம் குடில்கள் தயாராயின. பெயருக்குரிய ஜான் ஆண்டர்சன் அதற்கு முன் 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னராக இருந்தவர். 1934-ல் டார்ஜிலிங் அருகே லேபாங்கில் நம் புரட்சியாளர்கள் சுட்டபோது உயிர் தப்பியவர். அது வேறு கதை.

அந்த 15 அங்குல மண்ணை யோசித்துப் பாருங்கள். குண்டுச் சிதறலைத் தடுப்பதற்காகக் குவித்த மண், வெயில் நன்றாகப் படும் உயர்ந்த பாத்தியாகவும் ஆகிவிட்டது. அதன்மேல் லெட்யூஸ் கீரை, பூசணி இனத்துக் கொடிகள், பூச்செடிகள் எல்லாம் வளர்ந்தன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டதால் மழையில் கரைவதும் குறைந்தது. உள்ளே மட்டும் ஈரம், குளிர், பல வீடுகளில் தண்ணீர் தேங்கல். செடிகளுக்குத்தான் அது நல்ல வீடு என்று தோன்றுகிறது.

அடுத்தது உரம். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பொட்டாஷ் நின்றுபோனது. அதனால் விறகுச் சாம்பலுக்கு மதிப்பு கூடியது, அதில் பொட்டாஷ் இருக்கிறது. ஆனால் மழையில் நனைந்தால் கரைந்து ஓடிவிடும், மூடி வைக்க வேண்டும். புகைபோக்கிக் கரியில் கொஞ்சம் நைட்ரஜன் உண்டு. சமையலறைக் கழிவுக்கோ போட்டி: தெருமுனையில் பன்றித் தீவனத் தொட்டி காத்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய இலை, தண்டு, களை எல்லாம் மக்கு உரக் குவியலுக்கு.

இந்த மக்கு உரத்துக்கு நம்மோடு உறவு உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, செடிக்கழிவு, சாணம், சாம்பல் கலந்த மண் என்று அடுக்கி, புரட்டிப் போட்டு மக்கவைக்கும் முறையை உருவாக்கினார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இந்திய விவசாயிகளே தனக்கு ஆசிரியர்கள் என்ற கருத்து அவருக்கு இருந்தது. போர்க்காலத் தோட்டக்காரர்கள் பலர் கையாண்டது இந்த இந்தூர் முறையின் சுருக்கமான வடிவங்களைத்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் கொல்லை உள்ளவர்களின் கதை. கிழக்கு லண்டனின் நெருக்கமான குடியிருப்புகளில் பலருக்குக் கொல்லையே கிடையாது. இலவசமாகக் குடில் கொடுத்தாலும் புதைக்க இடம் வேண்டுமே? பிரசாரப் படங்களில் சிரிக்கும் தோட்டக்காரரைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. பெத்னல் கிரீன் மக்கள் கண்டுபிடித்த பதில் கொடூரமானது, அழகானதும்கூட: குண்டு விழுந்து இடிந்த வீடுகள் நின்ற மனைகள். 1942-ல் சங்கம் அமைத்து அந்த மனைகளைத் துப்புரவு செய்தார்கள். செங்கல்லும் கண்ணாடியும் பொறுக்கி எடுத்து, குழந்தைகளும் சேர்ந்து பாத்தி போட்டார்கள். அடுத்த ஆண்டு ராணி எலிசபெத் (அண்மையில் மறைந்த ராணியின் தாயார்) அங்கே வந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய சமையலறை இருந்த இடத்தில் முட்டைக்கோஸ் முளைத்திருந்தது.

போர் 1945-ல் முடிந்தாலும் பஞ்சம் முடியவில்லை. போரின்போது தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கே 1946-ல்தான் ரேஷன் வந்தது; ரேஷன் முழுவதும் ஒழிந்தது 1954-ல். அரசாங்கம் குடில் தகடுகளைத் திரும்பச் சேகரித்தது. வேண்டும் என்றவர்கள் சிறு தொகை கட்டி வைத்துக்கொண்டார்கள். குழியிலிருந்து பிடுங்கித் தரைமேல் நிறுத்தினால் மண்வெட்டியும் சைக்கிளும் வைக்க அறை, இல்லையென்றால் கோழிக்கூண்டு. சில வீட்டுத் தோட்டங்களில் அவை இன்னும் நிற்கின்றன, துருப்பிடித்து, கதவுக்கு வேறு யாரோ தூக்கிப் போட்ட பலகையோடு.